ஒன்பது நாற்பது மினி பஸ்ஸில் வந்த பரம்பரை

செவந்தியாபுரத்தில் 'பரம்பரை' என்ற சொல்லை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் மறுநாள் காலை ஒன்பது நாற்பது மினி பஸ்ஸில் அவருடைய ஆள் வந்து இறங்கும் என்பது ஊருக்குப் பழகிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. பழகாமல் போனது வடிவுக்கு மட்டும்தான், ஏனென்றால் அப்படி வந்து இறங்கியவர்களில் ஆறு பேர் திரும்பிப் போகாமல் அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள், ஆறு பேருக்கும் மூன்று வேளையும் பசித்தது.

வந்தவர்கள் பேயோ பிசாசோ அல்ல. அவர்களுக்கு நிழல் விழுந்தது, வெயிலில் வியர்த்தது, குளித்தால் தலை ஈரமானது. எந்தக் காரியத்தை ஒருவர் தன் பரம்பரையிலேயே யாரும் செய்ததில்லை என்று சொன்னாரோ, அந்தக் காரியத்தைச் செய்த முன்னோர், அதைச் செய்த காலத்து வயதில், அப்போது உடுத்தியிருந்த துணியோடு வந்து இறங்குவார். ஏன், எப்படி என்று அவர்களுக்கும் தெரியவில்லை, கேட்டால் "கூப்புட்டீங்கள்ல" என்பார்கள்.

ஊர் முதலில் இரண்டு நாள் வாய்பிளந்தது, மூன்றாம் நாள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பேரூராட்சிக்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் "அந்தச் சொல்லைத் தவிர்க்கவும்" என்று பலகை வைத்தார்கள், எந்தச் சொல் என்று எழுதுவதற்கு அவர்களுக்கே பயமாக இருந்தது. கண்டக்டர் வேலாயுதம் பழைய வேட்டியையும் கடுக்கனையும் பார்த்தாலே டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார். கோயில் கொடைத் திருவிழாவில் தன்னைப் பரம்பரை வைத்தியர் என்று மைக்கில் சொல்லிக்கொண்டவரின் பூட்டனார் மறுநாள் வைத்தியசாலை வாசலில் நின்று, நான் மாட்டுக்கு லாடம்லா அடிச்சேன் என்று வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, சர்க்கரை வியாதி பரம்பரையா என்று யாரையும் கேட்பதில்லை. நோயாளி ஆமாம் பரம்பரைதான் என்றால் மறுநாள் வரிசையில் மூன்று பேர் கூடுதலாக நின்றார்கள். மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் பரம்பரைப் பகை என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு குடும்பத்தின் மூத்தவர்களும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வெற்றிலை மென்றபடி வந்து, ஒரு ஆடு பூசணிக்கொடியை மேய்ந்ததில் வந்த சண்டை, மறுவாரமே ராசியாகிவிட்டோம் என்றார்கள். பகைக்குக் காரணம் இல்லாமல் போன அந்தக் குடும்பங்கள் ஒரு வாரம் தவித்துவிட்டு, சாக்கடை போகிற வழியை வைத்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டன.

அரசுப் பள்ளியின் தமிழாசிரியை பூரணம் டீச்சரிடம் ஊரே போய்க் கேட்டது. "வடமொழிச் சொல்லுங்க. ஒண்ணை அடுத்து இன்னொண்ணு, அதை அடுத்து இன்னொண்ணு, அவ்வளவுதான் அர்த்தம். ரேஷன் கடையில நிக்கோம்லா, அதுவும் பரம்பரைதான். பெருமைங்கறது அந்தச் சொல்லுக்குள்ள எங்கயும் இல்ல, நாமதான் வெளிய இருந்து ஊத்தி நிரப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அவருடைய ஆட்கள் பதினான்கு பேர், பெருமை ஒன்றும் இல்லாமல், ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

அவர்களை அனுப்பிவைக்கும் வழியும் டீச்சர் கண்டுபிடித்ததுதான். வந்தவரின் முகத்தைப் பார்த்து, ஆமாம், நீங்க செஞ்சீங்க, நடந்ததுதான் என்று மனசார ஒத்துக்கொண்டால் போதும். அவர் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் நாலு பத்து பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சிலர் பஸ் நிறுத்தத்திலேயே ஒத்துக்கொண்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அங்கேயே உட்காரவைத்துவிட்டுப் போனார்கள்.

வடிவின் புருஷன் குத்தாலிங்கம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

குத்தாலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் நாளுக்குப் பத்துத் தடவை பரம்பரை என்று சொல்லாவிட்டால் அரிக்கும். எங்க பரம்பரையில எவனும் பயந்து ஓடுனதில்ல என்றான். கரடிக்குப் பயந்து மூன்று ஊர் தாண்டி ஓடியவர் மூச்சிரைக்க வந்து இறங்கினார். எங்க பரம்பரையில எவனும் அடுப்படியில கால் வச்சதில்ல என்றான். சத்திரத்தில் நாற்பது வருஷம் சமைத்த பெரிய தாத்தா ஒருவர் கரண்டியோடு வந்தார். குறட்டை விட்டவர் வந்தார், மூன்றாம் வகுப்பில் நான்கு தடவை தோற்றவர் வந்தார், பொய் சொன்னவர் வந்து நான் பொய்யே சொன்னதில்லை என்றார், நாடகத்தில் பெண் வேஷம் கட்டியவர் சவுரி முடியோடு வந்தார். ஒவ்வொருவரையும் பார்த்து அவன், "இந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

வடிவு பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம் கிண்டிவிட்டு, தோள் கழன்று வீட்டுக்கு வந்தால், வீட்டில் ஆறு பேர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சத்திரத்துப் பெரிய தாத்தா ஒரு வெங்காயம் உரித்துக் கொடுக்க மாட்டார், ரசத்தை உறிஞ்சிவிட்டு, "புளி முந்திக்கிட்டு நிக்கி தாயி" என்பார், தினமும்.

"ஒரு வார்த்த. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வாய் வலிக்குமா?" என்று வடிவு புருஷனிடம் கேட்டாள்.

"இல்லாதத எப்படிச் சொல்ல?"

"முன்னால உக்காந்து தோச திங்காவ. இல்லங்கீங்க."

"தின்னா எங்க ஆளாயிருவானா?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவரில் இடமில்லை, அங்கே குத்தாலிங்கத்தின் தாத்தா சொரிமுத்துவின் படம், முறுக்கிய மீசையும் சந்தன மாலையுமாகப் பெரிதாகத் தொங்கியது.

இந்தச் சமயத்தில்தான் ஆவுடையின் பேச்சு வந்தது. ஆவுடை குத்தாலிங்கத்தின் ஒரே தங்கை, முப்பத்தாறு வயது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் மஞ்சள் காமாலையில் போனபின் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், பிள்ளை இல்லை, ஏழு வருஷமாகப் பக்கத்துத் தையல் கடையில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிவதையும் கவனிக்காமல் அவள் சொன்னாள்:

"மதினி, எடைமேடையில வேல பாக்காகல்லா, பால்வண்ணன். அவுக கேக்காக."

"என்னத்த?"

"என்னையத்தான்."

வடிவு குடத்தை நகர்த்தி வைத்தாள். "நீ என்ன சொன்ன?"

"ஏழு வருசமா தெருவுல பாத்து நடந்துபோன்னு மட்டுந்தான் எல்லாரும் எங்கிட்டச் சொல்லுதாவ. அவுக, சாப்டியான்னு கேட்டாக" என்றாள் ஆவுடை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பால்வண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழம் தட்டோடு முறையாகவே வந்தான். நாற்பத்தொரு வயது, ஒல்லி, பேச்சு குறைவு. சொல்ல வந்ததை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். குத்தாலிங்கம் எழுந்து நின்றான். அவன் வாய் எந்தச் சொல்லுக்குத் திறக்கிறது என்று வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஓடியவர், குறட்டைக்காரர், பெண் வேஷக்காரர் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள், வடிவு அடுப்பை விட்டு ஓடிவந்து "வேண்டாங்க" என்றாள்.

"எங்க பரம்பரையிலேயே," என்றான் குத்தாலிங்கம், "தாலியறுத்தவ மறுபடியும் கழுத்த நீட்டுனது கெடையாது."

மறுநாள் ஒன்பது நாற்பதுக்கு அவள் வந்து இறங்கினாள். இருபத்து மூன்று வயதிருக்கும். கண்டாங்கிச் சேலை, கழுத்தில் மஞ்சள் கயிறு, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. தெருவில் யாரையும் வழி கேட்காமல் நேராக வீட்டுக்குள் வந்து, "குத்தாலிங்கம் யாருல?" என்றாள்.

ஐம்பத்திரண்டு வயது மனிதன் தன்னையறியாமல் கைகட்டி நின்றான்.

"நான் உச்சிமாகாளி. ஒனக்குப் பூட்டி. மொத மாப்பிள்ள காலராவுல போனாவ. மூணு வருசம் கழிச்சி, ஏத்தம் எறைக்கவந்த மனுசனக் கட்டிக்கிட்டேன். ஊரு பேசிச்சி. பேசுன ஊரு ஒரு நா கூட எனக்குக் கஞ்சி ஊத்தல."

"இந்தாம்மா, நீ வேற வீடுன்னு நெனச்சி வந்துட்ட. எங்க பூட்டி அப்படிப்பட்டவ இல்ல. நீ எங்க ஆளே கெடையாது."

"சரி" என்றாள் உச்சிமாகாளி, கோபமே இல்லாமல். "நான் இல்ல. அப்பம் இவன்?"

இடுப்பில் இருந்த குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். "ரெண்டாவது மாப்பிள்ளைக்குப் பெறந்தது. பேரு சொரிமுத்து."

வீட்டில் எல்லோரும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். பிறகு குழந்தையைப் பார்த்தார்கள். வலது காது மடலில் படத்தில் இருந்த அதே மறு. மீசை இல்லாத சொரிமுத்துத் தாத்தா, பேரனின் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எந்த மனிதனும் சொல்லியிருப்பான். குத்தாலிங்கம் குழந்தையை வடிவிடம் கொடுத்துவிட்டு, "கடையில ரெண்டு மோட்டார் கெடக்கு" என்று போய்விட்டான்.

அதிலிருந்து பதிமூன்று நாள். வீட்டில் விருந்தாளிகள் எட்டுப் பேர். பதிவு அலுவலகத்தில் ஆவுடைக்கும் பால்வண்ணனுக்கும் வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தது. அண்ணன் ஒத்துக்கொள்ளாமல் படியிறங்க மாட்டேன் என்று ஆவுடை அழுதாள், தங்கை படியிறங்கினால் இனி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அண்ணன் கத்தினான். சொரிமுத்துத் தாத்தா தவழ்ந்து போய் அரிசி டப்பாவைக் கவிழ்த்தார். உச்சிமாகாளி மட்டும்தான் அரிசியை அள்ளிப்போட வடிவுக்குக் கைகொடுத்தாள். வடிவு புருஷனிடம் கெஞ்சிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், ஒருநாள் சாம்பாரில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். எல்லோரும் குறை சொன்னார்கள், அவன் மட்டும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

பதிமூன்றாம் நாள், ஞாயிறு மத்தியானம் ஏழு இலை போட்டு அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோது, பெரிய தாத்தா ரசத்தை உறிஞ்சினார். "புளி..." என்று தொடங்கினார்.

வடிவு ரசச் சட்டியை நங்கென்று தரையில் வைத்தாள்.

"போதும்! காலைல நாலு மணிக்கு எந்திரிக்கேன். ஊருப் பிள்ளைக்கு வடிச்சிட்டு வந்து, செத்துப்போன ஆளுக்கெல்லாம் வடிக்கேன். ஒரு மனுசன் வாயத் தொறந்து ஆமான்னு சொல்ல மாட்டேங்கான், அதுக்கும் நாந்தான் வடிக்கணும். எங்க பரம்பரையிலேயே இப்படி எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுக் கெடந்தவ ஒருத்தியும் கெடையாது!"

குறட்டைக்காரர்கூட விழித்துக்கொண்டார்.

"மதினி," என்றாள் ஆவுடை மெதுவாக, "சொல்லிட்டீங்களே."

வடிவுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சொல் தனக்கும் உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை. கல்யாணமான இருபத்தைந்து வருஷமாக அது அவளை நோக்கி எறியப்படும் சொல்லாகத்தான் இருந்தது. குழம்பு கருகினால் ஒன் பரம்பரை புத்தி, பதில் பேசினால் ஒன் பரம்பரை வாய். மற்றபடி அது ஆண்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பேனாவைப் போல அவர்களுக்கு உரியது, அவளுக்கு எழுதக் கிடைக்காதது.

மறுநாள் அவள் லீவு சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். மினி பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தபடி வந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்த வேலாயுதம், "எல்லாம் ஒங்க ஆளுகதாங்க்கா. எடம் பத்தல. மிச்சத்துக்கு இன்னொரு ட்ரிப் அடிச்சிருதேன்" என்றார்.

பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள், நார்ச்சேலை கட்டியவள், ரவிக்கை போடாதவள், காதில் பாம்படம் ஆடியவள், கையில் நாற்று முடியோடு வந்தவள், ஒரு கண் வீங்கியவள், நிறைமாதமாக இருந்தவள், நிறைமாதத்திலும் தலையில் விறகுக் கட்டு வைத்திருந்தவள், முப்பத்தொரு பேர். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இருக்கும் நிலைமையைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வோம் என்ற முகத்தோடு நின்றார்கள். அந்த முகம் வடிவுக்குத் தெரியும். காலையில் தலை சீவும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

கடைசியாக இறங்கியது அவளுடைய அம்மா பேச்சியம்மாள். வடிவுக்கு ஏழு வயதாக இருந்தபோது இருந்த அம்மா, கறுப்பு முடி, முழங்கையில் எண்ணெய் தெறித்து அப்பளம் போல விழுந்த தழும்பு. தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான அம்மாவைப் பார்த்து வடிவு நின்றாள்.

"என்னட்டி, இப்படி வத்திப்போயிருக்க?" என்றாள் அம்மா. "அடுப்பு எங்க இருக்கு?"

வீட்டுக்கு வந்ததும் முப்பத்தொரு பேரும் வேலையில் இறங்கினார்கள். ஒருத்தி பாத்திரத்தைப் போட்டுத் துலக்கினாள், ஒருத்தி குறட்டைக்காரரை எழுப்பி அவர் பாயை உதறினாள், ஒருத்தி பெரிய தாத்தாவிடம் ரசம் எப்படி வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள். வடிவுக்கு வந்த எரிச்சலில் கண்ணில் நீர் முட்டியது.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் உக்காருங்க. இன்னைக்கு இந்த வீட்டுல ஒரு பொம்பள வேல செய்யக் கூடாது."

அவர்களுக்கு உட்காரத் தெரியவில்லை. குத்தவைத்து, எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தயாராக, முற்றம் முழுக்க அமர்ந்தார்கள். அதில் ஒருத்தி உச்சிமாகாளியைப் பார்த்து, நீ எதுக்கும்மா காத்திருக்க என்று கேட்டாள்.

"எம் பேரன் ஒரு வார்த்த சொல்லணும். பதினாலு நாளாச்சி."

முப்பத்தொரு பேரும் திரும்பி, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள். ஏசவில்லை. முறைக்கவில்லை. காத்திருந்தார்கள். குடிகாரன் வீடு திரும்புவதற்குக் காத்திருந்தவர்கள், பஞ்சத்தில் மழைக்குக் காத்திருந்தவர்கள், ரங்கூனுக்குப் போனவன் கடுதாசிக்குப் பதினெட்டு வருஷம் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை. அவன் முற்றத்தைத் தாண்டவேண்டும் என்றால் அவர்கள் நடுவே போகவேண்டும். பதினொரு மணிக்கு அவனுக்கு வியர்த்தது. பன்னிரண்டுக்குச் சட்டையைக் கழற்றினான். ஒரு மணிக்குப் பசித்தது, யாரும் எழவில்லை, பெரிய தாத்தாதான் வேறு வழியில்லாமல் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இரண்டரைக்குச் சொரிமுத்துத் தாத்தா தவழ்ந்து வந்து குத்தாலிங்கத்தின் மடியில் ஏறித் தூங்கிப்போனார்.

மூன்று மணிக்கு அவன் நிமிர்ந்தான்.

"ஆமா பூட்டி. நீங்க கட்டிக்கிட்டீங்க. அதனாலதான் நான் இருக்கேன்."

உச்சிமாகாளி குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "இத அன்னைக்கே சொல்லிருந்தா நான் ஆடு கறக்கப் போயிருப்பேம்லா" என்றாள். ஒருமுறை திறந்த வாய் பிறகு தயங்கவில்லை. ஓடியவரிடமும் தோற்றவரிடமும் வேஷக்காரரிடமும் மற்றவர்களிடமும் வரிசையாக ஆமாம் என்றான். பொய் சொன்னவர் மட்டும், நீ சொல்வது பொய் என்றார், ஆனால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

வடிவும் தன் ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போனாள். பெயரைக் கேட்டாள், ஏனென்றால் அம்மாவையும் அதற்கு மேலே இரண்டு பேரையும் தவிர யார் பெயரும் அவளுக்குத் தெரியவில்லை. மாடி, கருப்பாயி, உலகம்மாள், பூவாயி. சிலர் பெயரை நினைவுபடுத்திக்கொள்ளவே நேரமாயிற்று. முப்பது பேருக்கும் சொன்னாள்: ஆமா, நீங்க பொறுத்துக்கிட்டீங்க, நடந்ததுதான். நாலு பத்து பஸ் இரண்டு ட்ரிப் அடித்தது.

முப்பத்தொன்றாவதாக அம்மா முன் வந்து நின்றபோது வடிவுக்கு வாய் திறக்கவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தோசையைக் கல்லில் இருந்து எடுத்த சூட்டோடு போட்டாள். அம்மா சூடாகச் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். "சொல்லித் தொலையேன், அவுக போகட்டும், வேல கெடக்குல்லா" என்றான் குத்தாலிங்கம், எரிச்சலாக. வடிவு அவனைப் பார்த்த பார்வையில் அவனே போய்த் தண்ணீர் பிடித்து வந்தான்.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் ஆவுடைக்கும் பால்வண்ணனுக்கும் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்தைக் குத்தாலிங்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் போட்டான், ஆனால் பேனாவை அழுத்திப் போட்டான். பேச்சியம்மாள் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லட்டு சாப்பிட்டாள்.

வெளியே வந்தபோது மணி மூன்றே முக்கால்.

"ஏட்டி வடிவு, சொல்லிரு" என்றாள் அம்மா. "அங்க எல்லாரும் எடம் போட்டு வச்சிருப்பாளுக."

மினி பஸ் வந்து நின்றது. வடிவு அம்மாவின் முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"ஆமாம்மா. நீ எல்லாத்தையும் பொறுத்துக்கிட்ட."

அம்மா படியில் ஒரு காலை வைத்தவள், நின்று யோசித்தாள்.

"எல்லாத்தையும்னு சொல்ல முடியாது" என்றாள். "ஒருநா ஒங்க அப்பா மேல கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிப் பானையத் தூக்கி வீசிட்டேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்த. பத்து நாளு அந்த மனுசன் சட்ட போடல."

"அம்மா!"

"குறி கொஞ்சம் தப்பிட்டு" என்றாள் பேச்சியம்மாள் வருத்தமாக. பிறகு உள்ளே ஏறி, சன்னலோர இருக்கையாகப் பார்த்து, கால் நீட்டி உட்கார்ந்தாள்.